உரிச்ச வெங்காயம் என்ன விலை?

தை மாசம் நெல் அறுத்த பிறகு, பாலாத்துப் பக்கம் இருக்கிற எங்க மணல் கலந்த நிலத்துல 30 சென்ட் மட்டும் சின்ன வெங்காயம் நட்டேன். நம்ம வாலாஜாபாத் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும்தான் அதிகம். வெங்காயம் என்றால் பெரம்பலூர், திண்டுக்கல், நாமக்கல் பக்கத்து வெள்ளாமை. சும்மா போட்டுப் பார்ப்போமே என்று 180 கிலோ விதை வெங்காயம் வாங்கினேன். 70 நாள்ல பிடுங்கி, தாள் அறுத்து, நிழல்ல காய வைச்சு எடை போட்டா 1,400 கிலோ வந்துச்சு. முதல் தடவைக்கு மோசமில்லை.

மண்டியில கிலோ 22 ரூபாய் என்றார்கள். ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்டதுக்கு அந்த மண்டிக்காரர் சொன்னது: "பெரிய வெங்காயத்துக்குத்தாண்ணே போக்கு. சின்னதை உரிக்க வீட்டுல யாரு இருக்கா?"

தாம்பரத்துல இருக்கிற என் பொண்ணு, அவங்க குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுல படத்தோட போட்டுவிட்டுச்சு. கிலோ 40 ரூபாய், வீட்டுக்கே வரும் என்று. 17 வீட்டுல இருந்து பதில் வந்தது. அதுல 11 வீட்டுல ஒரே கேள்வி. "உரிச்சுத் தருவீங்களா?"

முதல்ல எனக்குக் கோவம்தான் வந்தது. வெங்காயம் உரிக்கக் கூடவா முடியலை என்று. அப்புறம் உட்கார்ந்து யோசிச்சா, நானே இந்த 55 வயசுல எத்தனை கிலோ வெங்காயம் உரிச்சிருப்பேன்? நட்டிருக்கேன், களை எடுத்திருக்கேன், பச்சையாகக் கடிச்சுத் தின்னிருக்கேன். உரிச்சதும் நறுக்கினதும் எல்லாம் எங்க ஆயா, அம்மா, வீட்டுக்காரி. அதனால இந்தத் தடவை வெங்காயம் நறுக்குற கதையையே எழுதலாம் என்று தோணிச்சு. பெரிய விஷயமில்லைதான். ஆனா நம்ம அடுப்படி மாறின கதை பூராவும் அதுல இருக்கு.

எங்க ஆயா கிட்ட ஒரு அருவாமனை இருந்தது. புத்தகத்துல அரிவாள்மணை என்று எழுதுவாங்க. பூவரசு மரத்துப் பலகை, அதுல வளைஞ்சு நிக்கிற இரும்பு, நுனியில தேங்காய் துருவுற பல்லு. இரும்பு எங்க ஊர் கொல்லர் உலையில, பழைய லாரிப் பட்டையை அடிச்சுச் செஞ்சது. ஆயா ஒரு காலை மடிச்சு, ஒரு முட்டியைத் தூக்கி, பாதத்தால பலகையை அழுத்திக்கிட்டு உட்காரும். கத்தியில நறுக்கினா காய் சும்மா இருக்கும், கத்தி நகரும். அருவாமனையில இரும்பு சும்மா நிக்கும், காய் நகரும். ரெண்டு கையும் காயைப் பிடிக்கலாம். பூசணிக்காயானாலும் சரி, சுண்டுவிரல் நுனியளவு வெங்காயமானாலும் சரி, அதே இரும்புதான். வேலை முடிஞ்சதும் கழுவிச் சுவர் ஓரமாகப் படுக்க வைக்கணும். நிக்க வைச்சா வீட்டுக்கு ஆகாது என்று ஆயா திட்டும். குழந்தைங்க ஓடுற வீட்டுல அது சரியான சட்டம்தான். யாராவது கேட்டாலும் கையில கொடுக்காது. கீழே வைக்கும், அவங்க எடுத்துக்கணும்.

இது நமக்கு மட்டும் உரிய சாமான் இல்லை. கன்னடத்துல ஈளிகெ மணெ, தெலுங்குல கத்திபீட, மராட்டியில விளி. வங்காளத்துல போட்டி என்பாங்களாம் (நம்ம ஊர் ஆட்டுப் போட்டி இல்லை). கல்கத்தாவுல காளிகாட் கோயில்கிட்ட வித்த பழைய படங்கள்ல, ஒரு பொம்பளை அதுல உட்கார்ந்து மீன் அரியுற படம் ரொம்பப் பிரபலம். எங்க பார்த்தாலும் உட்கார்ந்திருப்பது பொம்பளைதான், உட்கார்ந்திருப்பது தரையிலதான்.

ஆயாவுக்கு வெங்காயத்தை "வெட்டு" என்று சொன்னா பிடிக்காது. விறகைத்தான் வெட்டணும், ஆட்டைத்தான் வெட்டணும். வெங்காயத்தை அரியணும், இல்லை நறுக்கணும். இப்ப என் பேரப்பிள்ளை "ஆனியன் கட் பண்ணு" என்கிறான்.

அரியுறதுலயும் ஒரு ஒழுங்கு இருந்தது. சாம்பாருக்கு முழுசாகப் போடணும், பெருசாக இருந்தா ரெண்டாக வகுந்தா போதும். கருவாட்டுக் குழம்புக்கு நீளவாக்குல. கூழுக்குப் பொடிப்பொடியா. ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது எங்க தெருவே சேர்ந்து வெங்காயம் அரியும். கேழ்வரகுக் கூழ்ல அந்தப் பொடி வெங்காயம் பல்லுல படணும், ஆனா கடிக்கக் கூடாது, அதுதான் பதம். வெள்ளைப்பூண்டோட சேர்த்து அம்மியில ஒரு தட்டு தட்டினா ரசத்துக்கு. கழனியில இருக்கிற ஆம்பளைங்களுக்கு எந்த ஒழுங்கும் கிடையாது. பழைய சோத்துக்கு முழு வெங்காயத்தை வரப்புக் கல்லுல வைச்சு முஷ்டியால ஒரு குத்து. அது நாலாகப் பிளந்துக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரே வெங்காயம் நறுக்குற முறை அதுதான்.

ஆனா வெங்காயத்துக்கு உண்மையான பரீட்சை சித்திரை மாசம், வடகம் போடும்போது. தெற்கத்திக்காரங்க நிறைய பேருக்கு இந்த வடகம் தெரியாது. வத்தல், அப்பளம் மாதிரி பொரிக்கிறது இல்லை, தாளிக்கிற வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு, விளக்கெண்ணெய் எல்லாம் பிசைஞ்சு, உருண்டை பிடிச்சு, வெயில்ல காய வைக்கணும். ராத்திரி எடுத்து மூடணும், மறுநாள் மறுபடி பிசைஞ்சு உருட்டணும். நல்லா கறுத்துக் கல்லு மாதிரி ஆகுற வரைக்கும். அதுல ஒரு விரல் நுனியளவு கிள்ளி எண்ணெயில போட்டா தெரு முனையில வாசனை வரும்.

எங்க வீட்டுல வருஷத்துக்கு 15 கிலோ வெங்காயத்துல வடகம். காலையிலேயே வெங்காயத்தை வெயில்ல பரப்பிடுவாங்க, தோல் மொறமொறன்னு ஆகட்டும் என்று. முறத்துல போட்டுத் தேய்ச்சுப் புடைச்சா பாதித் தோல் பறந்துடும். மீதியை நகத்தால. மதியம் ஆயா, அம்மா, பெரியம்மா, எதிர்வீட்டு அத்தை நாலு பேரும் அவங்கவங்க அருவாமனையோட திண்ணையில உட்காருவாங்க. தலையும் வாலும் சீவி, பெருவெட்டாக அரிஞ்சு, உரல்ல லேசாக இடிக்கணும். மாவாகிடக் கூடாது, தண்ணி விட்டா வடகம் காயாது. நாலு பேரும் அழுதுக்கிட்டே சிரிப்பாங்க. சில சமயம் நிஜமாகவே அழுவாங்க. பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. அவங்க அழுறதுக்கு வருஷத்துல கிடைச்ச ஒரு நல்ல நாள் அது என்று எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

இந்தக் கண்ணீருக்குக் காரணம் என்ன என்று 2002ல ஜப்பான்காரங்க ஒரு பெரிய விஷயம் கண்டுபிடிச்சாங்க. வெங்காயத்தை அறுத்ததும் அதுக்குள்ள தனித்தனியாக இருக்கிற சத்துகள் கலந்து ஒரு ஆவி கிளம்புது. அதைக் கிளப்புறதுக்கென்றே வெங்காயத்துல தனியாக ஒரு என்சைம் இருக்காம். கறிப்பொடி விக்கிற ஒரு கம்பெனியில வேலை செஞ்சவங்கதான் அதைக் கண்டுபிடிச்சது. 2025ல அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல இன்னொண்ணு பார்த்திருக்காங்க. மழுங்கின கத்தி தோலை அழுத்தி அழுத்தி, கடைசியில அறுக்கும்போது சாறு வேகமாகத் தெறிக்குது, அதுதான் கண்ணுக்கு வருது. கூரான கத்தியால மெதுவா அறுத்தா தெறிப்பு குறையுது. சாணை பிடிக்கிறவர் சைக்கிள் சத்தம் கேட்டாலே ஆயா அருவாமனையைத் தூக்கிக்கிட்டு ஓடினது சும்மா இல்லை.

இங்க ஒரு விஷயத்தைச் சொல்லணும். காஞ்சிபுரம் பக்கம் எல்லா வீட்டிலும் இந்த வெங்காய வாசனை இருந்ததாக நினைக்காதீங்க. எட்டாவதுல நாம படிச்ச யுவான் சுவாங், சீனாக்காரர், 640 வாக்கில காஞ்சிக்கு வந்தவர். அவர் இந்திய நாட்டைப் பத்திப் பொதுவாக எழுதினதுல, வெங்காயமும் பூண்டும் சாப்பிடுறவங்க கொஞ்சம்தான், சாப்பிட்டா ஊருக்கு வெளியே அனுப்பிடுவாங்க என்று இருக்கு. அப்ப ஊருக்கு வெளியே இருந்தவங்கதான் வெங்காயம் சாப்பிட்டாங்க என்று நான் எடுத்துக்கிறேன். அதாவது எங்களை மாதிரி ஆளுங்க. இன்னைக்கும் காஞ்சிபுரம் இட்லியைப் பாருங்க. வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதம், மூங்கில் குடலையில வேகுறது. மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் உண்டு, வெங்காயம் கிடையாது. எகிப்துல பிரமிடு கட்டினவங்களுக்கு வெங்காயம், பூண்டு, முள்ளங்கி வாங்கின செலவு பிரமிடு மேலேயே எழுதியிருந்ததாக எரோடோட்டஸ் எழுதி வைச்சிருக்கார். கல்லு தூக்குறவனுக்கு வெங்காயம், சாமிக்கு மிளகு. எல்லா ஊரிலும் கதை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

கத்தியும் பலகையும் வந்த வழி வேற. எங்க ஊர் பேர் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா பேர்ல வந்தது. (வாலாஜாபேட்டையும் அவர் பேர்தான். எங்களுக்கு வர வேண்டிய பார்சல் இன்னைக்கும் அங்க போயிடுது.) 18ஆம் நூற்றாண்டு கடைசியில இங்க வெள்ளைக்காரப் படை முகாம் இருந்தது. அவங்க வீட்டுச் சமையலும் நம்ம ஆளுங்கதான் செஞ்சாங்க. மெட்ராஸ்ல இருந்த கர்னல் கென்னி-ஹெர்பர்ட் என்ற ஒரு ராணுவக்காரர் 1878ல வெள்ளைக்காரங்களுக்காக ஒரு சமையல் புத்தகம் போட்டார். அதுல நம்ம சமையல்காரங்க எல்லாருக்கும் ஒரே பேர், ராமசாமி. அந்த ராமசாமிகள் துரை வீட்டுல மேசையில கத்தி பிடிச்சுட்டு, ராத்திரி வீட்டுக்குப் போனா அங்க பொஞ்சாதி தரையில அருவாமனையோட உட்கார்ந்திருப்பாங்க என்பது என் ஊகம். மேசைக் கத்தி பக்கத்துலயே இருந்தும் எங்க வீட்டுக்குள்ள வர இருநூறு வருஷம் ஆச்சு.

கொண்டு வந்தது வெள்ளைக்காரன் இல்லை, கேஸ் அடுப்பு.

2006 தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டுல இலவசமாகக் கேஸ் அடுப்பு கொடுத்தாங்க. அடுப்பு சிலிண்டரை விட உயரத்துல இருக்கணும் என்பது பாதுகாப்பு விதி. அதனால மேடை வேணும். 2008ல எங்க அடுப்படியில கடப்பா கல் போட்டு மேடை கட்டினேன். அதுவரைக்கும் அடுப்பு தரையில, அம்மி தரையில, அருவாமனை தரையில, சமைக்கிறவங்களும் தரையில. அடுப்பு மட்டும் எழுந்து மேல போயிடுச்சு. எங்க அம்மா வெங்காயம் அரிய உட்காரணும், தாளிக்க எழுந்திருக்கணும், மறுபடி தக்காளி அரிய உட்காரணும். ஒரே வருஷத்துல முட்டி போயிடுச்சு. மேடை கட்டினவன் நான். நல்லது செஞ்சதாகத்தான் நினைச்சேன்.

அப்புறம்தான் எங்க வீட்டுக்காரி ஒரு எவர்சில்வர் கத்தி வாங்கினாங்க. பலகை எல்லாம் கிடையாது. வெங்காயத்தை இடது உள்ளங்கையில வைச்சு, மேலால குறுக்கும் நெடுக்குமாக் கீறி, அப்படியே கட்டை விரல் பக்கமாகச் சீவினா பொடிப்பொடியா நேரா வாணலியில விழும். உங்க வீட்டுலயும் அம்மாவோ அத்தையோ இப்படித்தான் செஞ்சிருப்பாங்க. எந்தச் சமையல் பள்ளிக்கூடத்துலயும் இதைச் சொல்லித் தர மாட்டாங்க. என் தம்பி பையன் கேட்டரிங் படிச்சவன், இதைப் பார்த்துப் பதறிட்டான். "பெரியம்மா, கை போயிடும்!" அவன் முறை வேற. ரெண்டாகப் பிளந்து, வேர்ப் பக்கத்தை விட்டுட்டு, பலகையில கவிழ்த்து வைச்சு, நுனியில இருந்து வேர் வரைக்கும் கோடு கோடாகக் கீறி, அப்புறம் குறுக்கே அறுக்கணும். வேர் பிடிச்சுக்கிறதால குலையாது. அழகாகத்தான் இருந்தது, ஒரே அளவுச் சதுரம். எங்க வீட்டுக்காரி பார்த்துட்டு, "நல்லாத்தான் கீது. இதைச் சின்ன வெங்காயத்துல செஞ்சு காட்டுப்பா" என்றாங்க. அவன் சிரிச்சுட்டான்.

விஷயமே அதுதான். பலகையும் கத்தியும் பெரிய வெங்காயத்துக்கு ஏத்தது. நாசிக் பக்கத்துல இருந்தும் கர்நாடகத்துல இருந்தும் வர்றது. 1980 தேர்தல்ல இந்திரா காந்தி பேசினதும், 1998ல டெல்லி ஆட்சி மாறக் காரணம் என்று சொன்னதும் அந்த வெங்காயம்தான். நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க வீட்டுக்கு அது விருந்தாளி வந்தா மட்டும் வரும். ஒரு பெரிய வெங்காயத்துல இருக்கிற அளவுக்குச் சின்னதுல பத்து உரிக்கணும். நின்னுக்கிட்டே சமைக்கிறவங்க, வேலைக்கு ஓடுறவங்க, எட்டு மணி ரயிலைப் பிடிக்கிறவங்க ஒண்ணைத்தான் எடுப்பாங்க, பத்தை எடுக்க மாட்டாங்க. 2011க்கு அப்புறம் இலவச மிக்சி வந்தது. இப்ப கயிறு இழுக்கிற பிளாஸ்டிக் டப்பாவும் வந்துடுச்சு. நாலு இழுப்புல எல்லாம் பொடி. நறுக்குறதுக்கு எத்தனையோ கருவி வந்துடுச்சு. சின்ன வெங்காயத்தை வீட்டுல உரிக்கிறதுக்கு இன்னும் நகம்தான்.

சரி, என் 1,400 கிலோவுக்கு வர்றேன். கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே என்று கடிகாரம் வைச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரியை உரிக்கச் சொன்னேன். முறைச்சுட்டு உட்கார்ந்தாங்க. ஒரு மணி நேரத்துல 1¾ கிலோ. 10 கிலோ உரிச்சா தோல் போக 9 கிலோ கூட வரலை. கூலி எவ்வளவு போடுறது? நூறு நாள் வேலைக்கு 2025-26ல ஒரு நாள் கூலி 336 ரூபாயா இருந்தது. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 42. அப்ப ஒரு கிலோ உரிக்க 24 ரூபாய். தோலோட 40 என்றால், கழிவும் கூலியும் கவரும் வண்டியும் சேர்த்து உரிச்சது 75 ரூபாய் என்று பொண்ணு கிட்ட சொன்னேன். யாரும் வாங்க மாட்டாங்க என்று நினைச்சேன். 14 வீட்டுல கேட்டுட்டாங்க.

அந்த 24 ரூபாயை எழுதின பிறகு எனக்குத் தூக்கம் வரலை. 15 கிலோ வடகத்துக்கு உரிக்க மட்டும் எட்டரை மணி நேரம். ஒரு முழு நாள் கூலி. அரிஞ்சது, இடிச்சது, உருட்டினது தனி. அதோட தினம் குழம்புக்கு உரிச்சது. ஆயா கல்யாணமாகி வந்ததுல இருந்து செத்த வருஷம் வரைக்கும். எங்க அப்பா நெல் மூட்டைக்கு, உரத்துக்கு, உழவுக்கு எல்லாம் நோட்டுப் போட்டு எழுதுவார். அந்த நோட்டெல்லாம் இன்னும் பரண்ல இருக்கு. எதுலயும் இது இல்லை.

ஞாயித்துக்கிழமை எதிர்வீட்டு மருமகளும் இன்னும் ரெண்டு பேரும் வந்தாங்க. எங்க வீட்டுக்காரியும் உட்கார்ந்தாங்க. அம்மாவுக்கு 78 வயசு, தரையில உட்கார முடியாது. நாற்காலியில உட்கார்ந்து மடியில முறத்தை வைச்சுக்கிட்டாங்க. சாயந்திரம் எடை போட்டு மூணு பேருக்கும் கூலி கொடுத்தேன். நோட்டை மூடப் போனப்ப எங்க வீட்டுக்காரி கேட்டாங்க: "இன்னாங்க, எனக்கும் அத்தைக்கும் எழுதலையா?"

நிஜமாகவே எனக்குத் தோணலை. சமாளிக்கலாம் என்று பார்த்தேன். "நம்ம வீட்டு வெங்காயம்தானே" என்று வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிட்டேன். அவங்களே நோட்டை வாங்கி எழுதினாங்க. அவங்க பேர்ல 11 கிலோ, 264 ரூபாய். அம்மா பேர்ல 6 கிலோ, 144 ரூபாய்.

அம்மா அந்தக் காசை ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தாங்க. கட்டை விரல் நகம் கறுத்துப் போயிருந்தது. முடிச்சுல போட்டுக்கிட்டு என்னைக் கூப்பிட்டு, "டேய், சாணை பிடிக்கிறவரு வந்தா நிறுத்துடா. சித்திரை வரப் போவுது, அருவாமனை மழுங்கிக் கெடக்கு" என்றாங்க.